எழுத்தே இல்லாத பக்கம்

சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறினாலே எனக்குக் குமட்டும். உனக்குத் தெரிந்த விஷயம்தான். இன்றைக்கு நம் ஸ்கூலுக்கு வெள்ளையடித்து முடித்தார்கள். வருஷம் முழுக்கக் காரை உதிர்ந்து பிள்ளைகள் தலையில் விழுந்தாலும் எட்டிப் பார்க்காத மேனேஜர், இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் ஆள் அனுப்பிவிட்டார். வந்தவனும் அவசரத்தில் அடித்திருக்கிறான். ஐந்தாம் வகுப்புச் சுவரில் இருந்த ஆணி, அதில் தொங்கிய கயிறு, மூலையில் இருந்த ஒட்டடை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பூச்சு. ஒட்டடையை அடிக்காமல் ஒட்டடைக்கும் சேர்த்து வெள்ளையடிப்பதுதான் இந்த ஸ்கூல் என்று நீ அந்தக் காலத்திலேயே சொல்வாய்.

அந்த ஈரச் சுவர்களுக்கு நடுவே நின்றபோதுதான் உனக்கு எழுதத் தோன்றியது. நீ போய் ஒரு வருஷம்கூட நிறையவில்லை. இதைப் போடத் தபால்பெட்டி கிடையாது என்றும் தெரியும். ஆனாலும் இந்த ஸ்ரீரங்கத்தில் என் வயிற்றெரிச்சலைக் கொட்ட வேறு யார் இருக்கிறார்கள்? மற்றவர்களிடம் சொன்னால், "உங்களுக்கு எல்லாத்துலயும் குத்தந்தான் டீச்சர்" என்பார்கள். நீ ஒருத்திதான் முழுக்கக் கேட்டுவிட்டு, "இன்னும் இருக்குமே, சொல்லுடி" என்பாய்.

இன்னும் இருக்கிறது, கேள். இப்போதெல்லாம் பிள்ளைகள் இங்கிலீஷை உரக்க வாசித்துக் காட்டினால் மட்டும் போதாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். புரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்க வேண்டும், பதிலைப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். நீ தலைபாடாக அடித்துக்கொண்டது கடைசியில் யாருக்கோ எட்டிவிட்டதே என்று நான்கூடச் சந்தோஷப்பட்டேன். இன்று மதியம் ஐந்தாம் வகுப்பு வாசலில் நின்று பார்க்கிறேன், வகுப்பு வாத்தியார் அந்தச் சொந்த வார்த்தையைப் போர்டில் எழுதிப் போட்டிருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் அதை உருப்போட்டுக்கொண்டிருக்கின்றன. அத்தனை பேருக்கும் ஒரே சொந்த வார்த்தை!

"என்ன சார் இது?" என்று கேட்டேன்.

"பின்ன எல்லாருக்கும் ஒரே மாதிரி எப்படிங்க டீச்சர் வரும்?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

கிண்டல் பண்ணவில்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குத் தூ என்று துப்பலாம் போல இருந்தது. ஆனால் நான் இப்போது ஹெட்மிஸ்ட்ரஸ், துப்பக் கூடாது. விழுங்கிக்கொண்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நாம் ட்ரெயினிங் ஸ்கூல் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். நான் திருவெள்ளறைக்காரி, சோளக்கொல்லையும் கமலைக் கிணறுமாக வளர்ந்தவள். நீ உத்தர வீதியில் பெருமாள் சேவையும் தளிகையுமாக இருந்த வீட்டுப் பெண். இரண்டு பேருக்கும் ஒரே ஸ்கூலில் வேலை கிடைத்தபோது, அது பெரிய பாக்கியம் என்று நினைத்தோம். ஐந்தாம் வகுப்புக்கு நம் ஸ்கூலில் இங்கிலீஷ் வந்த புதிது. ஐம்பதுகள் முடியும் சமயம் அது. அப்போதிருந்த ஹெட்மாஸ்டர் அந்த வகுப்பை உன் தலையில் கட்டினார். மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் என்னுடைய நாலாம் வகுப்பு. உன் வகுப்பில் ஒருவன் தும்மினால் என் வகுப்பில் நூறாயுசு சொல்லலாம், அப்படி ஒரு தட்டி.

ஹெட்மாஸ்டர் பிள்ளைகளின் இங்கிலீஷைச் சோதிக்கும் விதத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பிள்ளை வராண்டாவின் ஒரு கோடியில் புத்தகத்தோடு நிற்க வேண்டும். மறு கோடியில் அவருடைய நாற்காலி. வெற்றிலையை அதக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். குரல் அவர் காதுவரை வந்து சேர்ந்தால் வாசிப்பு நன்று, சேராவிட்டால் பூஜ்யம். அவர் கையில் புத்தகமே இருக்காது. பிள்ளை சரியாக வாசிக்கிறதா என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று உன்னிடம் கேட்டேன்.

"தெரிஞ்சு என்னடி ஆகணும்? அவர் ஏலம் கேக்கறார். எவன் குரல் ஒசத்தியோ அவனுக்கு" என்றாய்.

அந்த ஏலத்துக்காகப் பிள்ளைகள் இங்கிலீஷ் புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்தன. எங்கே மூச்சு விடுவது, எங்கே விரலை நகர்த்துவது, எந்த வார்த்தையில் பக்கத்தைப் புரட்டுவது என்பதுவரை பாடம். அதற்கென்றே ஹெட்மாஸ்டர் வெள்ளிக்கிழமைகளில் வகுப்புக்கு வந்து பிரம்பால் மேஜையைத் தட்டுவார். தட்டினால் பக்கம் புரட்ட வேண்டும். வகுப்பே ஒன்றாகப் புரட்டும். கோபாலன் என்று ஒரு பையன், மேனேஜருக்குத் தூரத்து உறவு, அதில் கெட்டிக்காரன். வெண்கலக் குரல். ஒரு நாயும் உடைந்த பானையும் என்று ஒரு பாடம் இருந்தது. அதை அவன் வாசித்தால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். ஒருநாள் வாசித்து முடித்தவனிடம் நீ தமிழில்தான் கேட்டாய்.

"நாய்க்குக் கடைசில என்னடா ஆச்சு?"

"எந்த நாய் டீச்சர்?" என்றான் கோபாலன்.

தட்டிக்கு இந்தப் பக்கம் நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் தெரு முனையில் நின்று, "சரசு, இது வாசிப்பு இல்லடி, வாந்தி. முழுங்கினதை அப்படியே எடுக்கறதுகள். நாம பக்கத்துல நின்னு முதுகைத் தடவிண்டிருக்கோம்" என்றாய். எனக்கு அந்த வார்த்தை கொஞ்சம் அதிகம் என்று அப்போது பட்டது. இன்றைக்கு அந்தச் சொந்த வார்த்தையைப் போர்டில் பார்த்த பிறகு, நீ குறைத்துச் சொல்லிவிட்டாய் என்றுதான் படுகிறது.

மறுநாளிலிருந்து நீ பிள்ளைகளை உரக்க வாசிக்கச் சொல்வதையே நிறுத்திவிட்டாய். போர்டில் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பாய். யாரும் வாய் திறக்கக் கூடாது. ஜன்னலைச் சாத்து என்று எழுதியிருந்தால், புரிந்தவர் எழுந்து போய்ச் சாத்த வேண்டும். புரியாதவர் புரிகிறவரை உட்கார்ந்து பார்க்கலாம், அடி கிடையாது. ஆரம்பத்தில் வகுப்பு மரமாக உட்கார்ந்திருந்தது. இங்கிலீஷ் என்றால் கத்துவது என்று பழகிய பிள்ளைகளுக்கு, அது ஏதோ ஒன்றைச் சொல்கிறது என்பதே தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. அதற்கப்புறம் ஒரே ரகளை. உன் பலகையைப் பக்கத்தில் இருப்பவன் தலையில் வை என்று எழுதுவாய். நாலாம் வகுப்பு டீச்சருக்குப் போய் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வா என்று எழுதுவாய். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஆள் மாற்றி ஆள் வந்து வணக்கம் சொல்லிவிட்டு ஓடும். "இங்க ஒருத்தி பாடம் நடத்தறேன், தெரியுதா?" என்று தட்டி வழியாகக் கத்துவேன். உன் பக்கமிருந்து சிரிப்புதான் வரும்.

அந்த வகுப்பில் முதன்முதலாக எழுந்து ஜன்னலைச் சாத்தியவள் மருதாயி. கொள்ளிடக் கரைப் பக்கம் குடியிருந்தார்கள். அவளுடைய அப்பா காவிரியைத் தாண்டிப் போய், திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அந்தப் பெண்ணுக்குக் குரலே கிடையாது. பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கே கேட்காது. வாசிக்கச் சொன்னால் உதடு அசையும், அவ்வளவுதான். வராண்டாக் கோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மனிதருக்கு அவள் வருஷம் முழுக்க ஒரு பூஜ்யம். உன் போர்டுக்கு முன்னால் அவளை மிஞ்ச ஆளில்லை. நீ வாக்கியத்தை முடித்துப் புள்ளி வைப்பதற்குள் எழுந்துவிடுவாள்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது அவள் நம் இருவரிடமும் சொன்னது உனக்கு நினைவிருக்கும். அவளாக வந்து பேசியதே அந்த ஒரு தடவைதான். "பாசானா ஆறாங்கிளாசு அனுப்புறேன்னு அப்பா சொல்லிருக்காங்க டீச்சர். ஃபெயிலாப்போனா மார்க்கெட்டுக்கு வந்து வெங்காயம் ஆயணுமாம்." குனிந்து கேட்டதால்தான் அதுவே நம் காதில் விழுந்தது. "நீ ஃபெயிலாக மாட்டே. நான் இருக்கேன்" என்று நீ சொன்னாய்.

அந்த வருஷமும் இன்ஸ்பெக்டர் வந்தார். சர்க்கார் கொடுக்கும் கிராண்ட் பணம் அவர் கையில்தான் இருக்கிறது என்பதால் ஒரு வாரமாக ஸ்கூலே கல்யாண வீடாகிவிட்டது. வெள்ளையடித்தாயிற்று. மாவிலைத் தோரணம் கட்டியாயிற்று. முந்தின நாள் ஹெட்மாஸ்டர் வகுப்பு வகுப்பாக வந்து, பிரம்பை நீட்டி, "நீ, நீ, அந்த மூலையில இருக்கியே, நீ" என்று பிள்ளைகளைப் பொறுக்கினார். குரல் எழும்பாததுகள், திக்குவதுகள், சட்டை கிழிந்ததுகள் எல்லாம் மறுநாள் வகுப்பில் இருக்கக் கூடாது. மத்தியானச் சோறு ஆக்கும் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து புளி கொட்டை எடுக்க வேண்டும். ஆயா காவல். இது ஏதோ அந்த வருஷத்து ஏற்பாடு இல்லை. நம் ஸ்கூலின் வருஷாந்தர வழக்கம். தேருக்கு வடம் பிடிப்பதைப் போல யாரும் ஏன் என்று கேட்காமல் செய்தார்கள். பிள்ளைகளும் கேட்கவில்லை. தாங்கள் பார்க்கத் தகாதவர்கள் என்று அதுகளே நம்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மருதாயியின் பக்கமும் பிரம்பு நீண்டது. "அவ என் கிளாஸ்லதான் இருப்பா சார்" என்றாய்.

"இருக்கட்டும், வாயைத் திறக்கக் கூடாது."

"அது அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் சார்" என்றாய் நீ.

பிள்ளைகளின் புத்தகங்கள் எண்ணெய்ப் பிசுக்கும் கிழிசலுமாக இருந்தன. இன்ஸ்பெக்டர் கண்ணில் அது படக் கூடாது என்று மேனேஜர் புதுப் புத்தகங்கள் வரவழைத்திருந்தார். அன்று காலையில்தான் கட்டைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவரும் உள்ளே திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால், புதுப் பதிப்பில் அந்த நாயும் பானையும் பாடத்துக்கு நடுவே முழுப் பக்கத்துக்கு ஒரு படம் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். படிப்பதற்கு வாங்கினால் அல்லவா திறப்பார்கள்? காட்டுவதற்கு வாங்கினால் அட்டை போதும்.

இன்ஸ்பெக்டர் பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார். கோட்டு, மெல்லிய குரல், கையில் ஒரு வெள்ளிப் பொடி டப்பா. ஹெட்மாஸ்டர் கண்ணைக் காட்ட, கோபாலன் எழுந்தான். வெண்கலம் முழங்கியது. நான் என் வகுப்பை எழுதச் சொல்லிவிட்டுத் தட்டி இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான வார்த்தை வந்ததும் வழக்கம்போலப் பக்கத்தைப் புரட்டினான். அந்தப் பக்கத்தில் நாய் மட்டும்தான் இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு பெரிய நாய். கோபாலன் நாயின் மேல் விரலை வைத்து, வரி வரியாக நகர்த்தி, ஒரு இடத்திலும் தடங்கலில்லாமல் வாசித்துக்கொண்டே போனான். இன்ஸ்பெக்டர் அவன் தோளுக்குப் பின்னால்தான் நின்றார். பார்த்தார். எனக்கு நன்றாகத் தெரியும், அவர் பார்த்தார். ஒரு சிட்டிகை பொடி எடுத்துக்கொண்டு, "வெரி குட்" என்றார்.

"சார், அந்தப் பக்கத்துல எழுத்தே இல்லை" என்றாய் நீ.

ஹெட்மாஸ்டர் முதலில் சமாளித்துக்கொண்டார். "பையன் அவ்வளவு தரோவா இருக்கான் சார். புஸ்தகம் பார்க்கணும்னு அவசியமே இல்லை" என்றார். அதைப் பெருமையாகச் சொன்னார் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை! இன்ஸ்பெக்டரும் தலையை ஆட்டினார். நீ விடவில்லை. "வாசிச்சது புரிஞ்சுதான்னு பாக்க வேண்டாமா சார்? ரெண்டு நிமிஷம் குடுங்கோ" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஜன்னலைச் சாத்து என்று போர்டில் எழுதினாய். கோபாலன் அதையும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி வாசித்துவிட்டு நிமிர்ந்து நின்றான். ஜன்னல் திறந்தே கிடந்தது. மருதாயி பின்னாலிருந்து எழுந்து வந்து சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

"அது தினம் சாத்துற ஜன்னல் சார், பழக்கம்" என்றார் ஹெட்மாஸ்டர்.

இன்ஸ்பெக்டருக்கே கொஞ்சம் சுவாரசியம் வந்துவிட்டது. சாக்பீசை வாங்கி, தன் பொடி டப்பாவை எடுத்து நாற்காலிக்குக் கீழே வைக்கும்படி அவரே இங்கிலீஷில் எழுதினார். மருதாயி வந்தாள். அவர் கோட்டில் கை பட்டுவிடாமல் டப்பாவை எடுத்து, நாற்காலிக்குக் கீழே வைத்தாள். அவர், "அட!" என்றார். அந்த ஒரு வினாடி எனக்கு நெஞ்சு நிறைந்தது, பொய் சொல்லவில்லை. பாசாகிவிட்டாள் என்றே நினைத்தேன்.

"டீச்சர் கண்ணால ஜாடை காட்டுறாங்க சார்" என்றார் ஹெட்மாஸ்டர்.

உன் முகம் சிவந்து நான் அதுவரை பார்த்ததில்லை. மறுபடி போர்டின் பக்கம் திரும்பினாய். எழுதி முடித்த பிறகும் வகுப்பைப் பார்க்கத் திரும்பவேயில்லை, சுவரைப் பார்த்தபடியே நின்றாய். சமையல் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை இங்கே அழைத்து வா என்று எழுதியிருந்தாய். ஹெட்மாஸ்டர் அதை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் மருதாயி வாசலைத் தாண்டிவிட்டாள்.

அழைத்து வந்தாள். புகை பட்டுச் சிவந்த கண்ணும், புளி ஒட்டிய விரலுமாக அதுகள் வந்து வரிசையாக நின்றன. இன்ஸ்பெக்டருக்கு வணக்கம் சொல்ல வேண்டுமா கூடாதா என்று அதுகளுக்குத் தெரியவில்லை. "யார் இவங்க?" என்று அவர் கேட்டார். ஹெட்மாஸ்டர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "மத்தியானம் சாப்பிட மட்டும் வர்ற பிள்ளைங்க சார்" என்றார்.

தினமும் ஆஜர் கூப்பிட்டு, அடித்து, உட்கார வைத்த பிள்ளைகள். அதுகளின் முகத்துக்கு எதிரேயே சொன்னார். சோற்றுக்கு மட்டும் வருகிறவர்களாம். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். குனிந்து பொடி டப்பாவை எடுத்துக்கொண்டார். மேனேஜர் வீட்டிலிருந்து காபி வந்திருப்பதாகச் சொன்னார்கள், போய்விட்டார். ஐந்தாம் வகுப்பின் இங்கிலீஷ் வாசிப்பு உரக்கவும் தடங்கலின்றியும் இருக்கிறது, ஆசிரியை ஒருவர் தேவையில்லாத பரிசோதனைகளில் நேரத்தைச் செலவிடுகிறார் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். ஹெட்மாஸ்டரையாவது மன்னிக்கலாம், அந்த ஆள் குருடர். பார்த்துவிட்டுப் போனவரை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. சீ, என்ன மனிதர்கள்!

வருஷக் கடைசியில் நீ மருதாயிக்குப் பாஸ் போட்டுக் கொடுத்தாய். ஹெட்மாஸ்டர் அவளை மறுபடி வராண்டாவில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, "கேக்கலை" என்றார். நீ போட்டதை அடித்துவிட்டு ஃபெயில் என்று எழுதினார். அதே கையோடு உனக்கும், அடுத்த ஜூனுக்கு வர வேண்டாம் என்று மேனேஜரிடமிருந்து ஓலை வந்தது. நீ அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாய். "என்னைப் பத்தி அப்பறம் பாத்துக்கலாம். நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போறோம், வா" என்றாய்.

காந்தி மார்க்கெட்டுக்குள் நீ அதுவரை கால் வைத்ததில்லை. அழுகின காய், சாக்கு, வேர்வை எல்லாம் சேர்ந்து அடிக்கும் நாற்றத்தில் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீ நடந்ததைப் பார்த்து மண்டிக்காரர்கள் வழி விட்டார்கள். அவரைக் கண்டுபிடித்தோம். முதுகிலிருந்த மூட்டையை இறக்கிவிட்டு, தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பாசா ஃபெயிலாங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

"ஃபெயில்னு போட்டுட்டா" என்றாய் நீ. "ஆனா அவளுக்கு நன்னாப் படிக்கத் தெரியும். அந்தக் கிளாஸ்லயே புரிஞ்சு படிக்கறவ அவதான். தயவுசெஞ்சு நிறுத்திடாதேங்கோ."

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "படிக்கத் தெரியுதுன்னா எதுக்குங்க ஃபெயிலு போட்டாங்க?" என்று கேட்டார்.

நீ வாயைத் திறந்தாய், மூடினாய். இன்ஸ்பெக்டருக்குப் பதில் சொன்னவள் நீ. நான், "அது வந்துங்க..." என்று ஆரம்பித்து, மேலே போக முடியாமல் நின்றேன். என்ன சொல்வது? உங்கள் பெண்ணின் குரல் வராண்டாவின் அந்தக் கோடிக்குப் போகவில்லை என்றா? அவர் நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தார். ஒரு காரணம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார், அப்படிப்பட்ட முகம். யாரோ மூட்டைக்குக் கூப்பிட்டார்கள். "வெயில்ல இம்மாந்தூரம் வந்திருக்கீங்க, ஒரு கலர் குடிச்சிட்டுப் போங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மருதாயி அந்த மண்டியின் ஓரத்தில்தான் இருந்தாள். வெங்காயக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள், நம்மைப் பார்த்ததும் வகுப்பில் எழுவதைப் போல எழுந்து நின்றாள். பாவாடையெல்லாம் வெங்காயச் சருகு. உட்காரு என்று சொல்லாமலே நாம் நடந்துவிட்டோம். மூலை திரும்பும்போது பார்த்தேன், அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தாள். திரும்பி வரும்போது, பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியதும், "அந்த மனுஷனுக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கலையேடி" என்று மட்டும் சொன்னாய்.

ஜூனில் அவளும் வரவில்லை, நீயும் வரவில்லை. உனக்குப் பச்சைமலை அடிவாரத்தில் ஒரு ஜில்லா போர்டு ஸ்கூலில் வேலை கிடைத்தது. உன் அண்ணா தலையில் அடித்துக்கொண்டார். நீ போய்விட்டாய். இங்கே இன்ஸ்பெக்டர் வருவதற்குப் பஸ் கிடையாது, அதனால் பிள்ளைகள் படிக்கின்றன என்று கார்டு எழுதினாய். அதைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். போன வருஷம் காய்ச்சலோடு உன்னை உத்தர வீதிக்குக் கொண்டுவந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெருமாள் பெயரைச் சொல்லச் சொல்லி மன்னி உன் காதருகே கெஞ்சிக்கொண்டிருந்தாள். நீ என் கையைப் பிடித்து, "சரசு, அவருக்கு என்னடி சொல்லியிருக்கணும்?" என்று கேட்டாய். மன்னிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நீ விட்டுப்போனவற்றில் எனக்கென்று வந்தது அந்தக் கேள்விதான். அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

இன்று கடைசி மணி அடிப்பதற்கு முன்னால் மேனேஜர் வந்திருந்தார், பழைய மேனேஜரின் பிள்ளை. இப்போது எல்லாம் அவர்தான். "வீக்கான பிள்ளைங்களை நாளைக்கு லீவு போடச் சொல்லிடுங்க டீச்சர். போன வருஷம் ஃபெயிலான கேஸெல்லாம் இன்ஸ்பெக்டர் கண்ணுல பட வேணாம்" என்றார். கொட்டகைக்குப் பதில் லீவு. காலம் முன்னேறியிருக்கிறது.

"அந்தப் பிள்ளைங்களோட நானே தினம் உட்கார்ந்து பாத்துட்டேங்க. போர்டுல இங்கிலீஷ்ல எழுதிப் போட்டா, எழுதினபடி செய்யுதுங்க. அதுங்களுக்குப் படிக்கத் தெரியும்" என்றேன். "படிக்கத் தெரியுதுன்னா எதுக்குங்க ஃபெயிலு போட்டோம்?"

நான் ஏதோ தமாஷ் சொன்ன மாதிரிச் சிரித்தார். "நீங்க ஒருத்தர் டீச்சர்!" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். உடனே ஐந்தாம் வகுப்புக்குப் போய், நாளைக்கு ஒருத்தர்கூட லீவு போடக் கூடாது என்று போர்டில் இங்கிலீஷில் எழுதினேன். வாத்தியார் உருப்போட வைத்த பிள்ளைகள் அதைச் சேர்ந்து கத்தின. கடைசி வரிசையில் இருந்த ஃபெயிலானதுகள் கத்தவில்லை, ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டன.

நாளை காலை இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகளிடம் கேட்க வேண்டியதையெல்லாம் அவர் கேட்டு முடிக்கட்டும். அதற்கப்புறம் நான் ஒன்றே ஒன்று கேட்கப்போகிறேன், துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டில் நின்ற அந்த மனிதர் கேட்ட அதே வார்த்தையில். எனக்கும் அடுத்த ஜூனில் ஓலை வரலாம், வரட்டும். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியில் பாசான ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.